கூடலூர், பந்தலூர், நிலம்பூர்ப் பக்கம் தங்கம் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

பாண்டியாற்றுப் பகுதியிலிருந்து கேரளத்தின் நிலம்பூர் நோக்கி இறங்கும் ஆறுகளிலும், தேவாலாவின் பழைய சுரங்கங்களை ஒட்டிய நிலத்திலும் தங்கம் தேட விரும்புவதாகவும், மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000, ஃபிஷர் கோல்ட் பக் 2, மைன்லேப் ஜிபிஎக்ஸ் 6000 ஆகிய மூன்றில் எதை வாங்கினால் போட்ட பணம் திரும்பும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் நான் கையில் பிடித்துப் பல நாட்கள் நடந்திருக்கிறேன். மூன்றும் நல்ல கருவிகள். ஆனால் நம் பகுதித் தங்கத்திற்கு மூன்றுமே பொருந்தா. ஏன் பொருந்தா என்பதை விளக்கினால்தான் ஒப்பீடும் உங்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது பந்தலூரில். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாக இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. மின்பணியாளராக மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே விடுமுறை நாட்களில் டிடெக்டருடன் நிலத்தில் நடப்பது பலருக்கும் வழக்கம். முதலில் பழைய கோல்ட் பக் 2 ஒன்றை வாங்கினேன், பிறகு கோல்ட் மான்ஸ்டருக்கு மாறினேன். உடன் வேலை பார்த்த ஒருவரிடம் ஜிபிஎக்ஸ் வரிசையின் முந்தைய கருவியான ஜிபிஎக்ஸ் 5000 இருந்தது. பின்னர் அவர் 6000 வாங்கினார், இரண்டையும் எனக்குத் தாராளமாகக் கொடுத்து உதவினார்.

இந்தக் கருவிகள் இரு குலத்தைச் சேர்ந்தவை. கோல்ட் பக் 2-உம் கோல்ட் மான்ஸ்டரும் விஎல்எஃப் (VLF, மிகத் தாழ் அதிர்வெண்) என்ற வகை. இவற்றின் 'காயில்' (coil) எனப்படும் கம்பிச் சுருள் இடைவிடாமல் ஓர் அலையை மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். உலோகத்தில் அந்த அலை எழுப்பும் சுழல் மின்னோட்டத்தை இன்னொரு சுற்று அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸிலும் கோல்ட் பக் 2 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. அதிர்வெண் கூடக் கூடச் சிறிய தங்கம் நன்றாகத் தெரியும், ஆனால் மண்ணில் உள்ள இரும்புத் தாதின் கூச்சலும் கூடும். ஜிபிஎக்ஸ் வரிசை பல்ஸ் இன்டக்‌ஷன் வகை. இது மின்துடிப்பைக் கொடுத்து, சட்டென்று நிறுத்தி, சில மைக்ரோ நொடிகள் பொறுத்து, அதன் பிறகே கேட்கும். அந்தப் பொறுத்தலுக்குள் இரும்பு மண்ணின் எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடுவதால் செம்மண்ணிலும் ஆழத்தில் உள்ள கட்டித் தங்கம் தெரிகிறது. ஆனால் மிகச் சிறிய தங்கத் துணுக்கில் எழும் மின்னோட்டமும் அதே இடைவெளிக்குள் அணைந்துபோகிறது. ஆகவே ஒன்றில் கிடைக்கும் நன்மை இன்னொன்றில் இழப்பாகவே வரும். அந்தக் காத்திருப்பைக் குறைத்ததுதான் ஜிபிஎக்ஸ் 6000-இல் மைன்லேப் செய்த பெரிய மாற்றம்; 5000 விட்டுவிட்டுப் போன சிறு தங்கத்தையும் அது பிடிப்பதற்குக் காரணம் அதுவே.

இதைச் சொல்லால் மட்டும் நம்ப வேண்டாம் என்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒருமுறை ஊருக்கு வந்தபோது கூடலூரில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் 50 மில்லி (மில்லிகிராம்), 100 மில்லி, 500 மில்லி, 1 கிராம் என நான்கு தங்க உருண்டைகளை உருக்கி வாங்கி, பழைய பிளாஸ்டிக் அட்டைகளில் ஒட்டிக்கொண்டு கல்கூர்லிக்குச் சென்றேன். இரும்பு அதிகம் இல்லாத இடத்தில் புதைத்தபோது கோல்ட் பக் 2-உம் கோல்ட் மான்ஸ்டரும் 50 மில்லியை இரண்டு விரற்கடை ஆழத்தில் தெளிவாகச் சொல்லின. பெரிய கம்பிச் சுருள் பொருத்திய ஜிபிஎக்ஸ் 5000 அதைத் தொட்டுக்கொண்டு போனாலும் வாய் திறக்கவில்லை; 100 மில்லிக்கும் அப்படியே. ஜிபிஎக்ஸ் 6000 100 மில்லியைக் காட்டியது. 1 கிராம் உருண்டையில்தான் வேறுபாடு முகத்தில் அறைந்தது: விஎல்எஃப் கருவிகள் ஒரு சாண் ஆழத்தைக்கூட எட்டாத இரும்புக்கல் மண்ணில், 6000 ஒரு சாணைத் தாண்டியும் அமைதியாக அதைச் சொல்லியது.

விஎல்எஃப் கருவிகளுக்குள் கோல்ட் பக் 2 காதுக்குப் பயிற்சி கேட்கும் கருவி. மண்ணின் கூச்சலைச் சமன்செய்யும் கிரவுண்டு பேலன்ஸை நாமே கையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும், மண் மாறும் போதெல்லாம் மீண்டும் சரிசெய்ய வேண்டும். பழகியவர் கையில் அது இன்றும் நுண்ணிய கருவிதான். கோல்ட் மான்ஸ்டர் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது; புதியவருக்கு நான் இதையே சொல்வேன். எதை வாங்கினாலும் இரும்பைத் தவிர்க்கும் வசதியை நம்பி ஒலியைப் புறக்கணிக்கக் கூடாது. சிறு தங்கமும் சிகரெட் அட்டையின் ஈயத்தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், ஒலித்த இடத்தையெல்லாம் தோண்டியே ஆக வேண்டும். விலையைப் பொறுத்தவரை, நான் பார்த்தபோது வெளிநாட்டுச் சந்தையில் கோல்ட் மான்ஸ்டர் 1,000 அமெரிக்க டாலருக்குள் அடங்கியது. ஜிபிஎக்ஸ் 6000 ஏறக்குறைய 6,000 டாலராக இருந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை அழைத்து வந்து இங்குள்ள பாறைகளை ஆராயச் செய்தார்கள். அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து லண்டனில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. தேவாலாவும் பந்தலூரும் சில ஆண்டுகள் ஐரோப்பியர்களால் நிரம்பி வழிந்தன. பிறகு அத்தனையும் அடங்கிப்போயிற்று. தங்கம் இல்லாமல் போனதால் அல்ல, அது இருந்த விதத்தால். வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறைக்குள்ளும், அதிலுள்ள பைரைட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகப் பரவிக் கிடக்கிறது அந்தத் தங்கம். ஒரு டன் பாறையை இடித்து மாவாக்கினால்தான் சில கிராம் தேறும். மெட்டல் டிடெக்டருக்கோ தொடர்ச்சியான ஒரே துண்டாக உலோகம் வேண்டும். பாறையில் பரவிய பொடியை உலகின் எந்த டிடெக்டரும், எத்தனை டாலர் கொடுத்து வாங்கினாலும், உணராது.

அந்தப் பாறைகள் மழையில் கரைந்து நிலம்பூர்ப் பக்க ஆறுகளான புன்னப்புழையிலும் சாலியாற்றிலும் சேர்த்த தங்கமும் அதே பொடிதான். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள, அதாவது ரவைப் பருமனுள்ள, ஒரு தங்க மணி 1 மில்லியை ஒட்டிய எடைதான் இருக்கும். நல்ல கருவியும் தடுமாறுகிற என் 50 மில்லி உருண்டையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு அது. அத்தகைய மணிகள் நூறு ஒரு வாளி மணலில் கலந்திருந்தாலும் கருவிக்கு அவை 100 மில்லி ஆகா. நூறு தனித்தனி ஒன்றுமில்லைகளாகவே இருக்கும்.

தலைமுறை தலைமுறையாக அந்த ஆறுகளில் தங்கம் அரித்த பழங்குடி மக்கள் மரத் தட்டையும் ஓடும் நீரையும் மட்டுமே நம்பினார்கள். அந்த முறையில் உள்ள அறிவை நான் கல்கூர்லிக்குப் போன பிறகே முழுமையாக உணர்ந்தேன். தங்கத்தின் அடர்த்தி 19.3, கருமணலின் அடர்த்தி ஏறக்குறைய 5, சாதாரண மணல் 2.65. தட்டைச் சுழற்றும்போது மணல் முதலில் வெளியேறும், கருமணல் அடுத்து விலகும், தங்கம் கடைசிவரை அடியில் நிற்கும். துகள் எத்தனை சிறியது என்பது அங்கே டிடெக்டருக்கு இருக்கும் அளவுக்குத் தடையே இல்லை. பல்லாயிரம் டாலர் கருவி செய்ய முடியாத ஒன்றை ஒரு மரத் தட்டு செய்கிறது என்றால், அந்தக் கருவி மோசம் என்று பொருளில்லை; அது வேறு வகைத் தங்கத்திற்காக வடிவமைக்கப்பட்டது. 1980-இல் விக்டோரியாவில் ஒருவர் காரெட் (Garrett) நிறுவனத்தின் டிடெக்டரால் கண்டெடுத்த, 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' எனப் பெயர்பெற்ற கட்டி 27.2 கிலோ எடை. அப்படிப்பட்ட கட்டிகளும், குன்றிமணி அளவிலான சிறு கட்டிகளும் மண்ணில் சிதறிக் கிடக்கிற நாட்டுக்காகச் செய்யப்பட்டவை இந்தக் கருவிகள்.

மண்ணும் எதிராகவே இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அதே உருண்டைகளைப் புதைத்துக் கோல்ட் மான்ஸ்டரை ஓட்டினேன். நம் செம்புரைக்கல்லில் இரும்பு ஆக்சைடு மிகுதி. கருவி தன் கூர்மையைத் தானே குறைத்துக்கொண்டது. 50 மில்லி அடியோடு மறைந்துபோயிற்று. 100 மில்லி உருண்டை ஒரு விரற்கடைக்குக் கீழே போனதும் கேட்கவில்லை. மாறாக, கைப்பிடி அளவுள்ள செம்புரைக்கல் துண்டுகள் தங்கம் போலவே ஒலித்தன. அன்று மாலைவரை முப்பதுக்கு மேற்பட்ட குழிகளைத் தோண்டி அத்தனையிலும் கல்லையும் ஆணியையுமே எடுத்தேன்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் சொல்லாமல் விடுவது தவறாகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, குத்தகைக்கு விடப்படாத அரசு நிலத்தில் எவரும் தேடலாம். இங்கே 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் கனிமத்தைத் தேடுவதையே தடை செய்கிறது. தோண்டினால்தான் தடை என்று எண்ண வேண்டாம். மலபாரின் ஜென்ம நிலங்களில், அதாவது பரம்பரையாக முழு உடைமையாக வந்த நிலங்களில், அடிநிலக் கனிமம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதைக் காட்டி 'சொந்த நிலத்தில் தேடலாம்' என்று நம் பக்கம் சிலர் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். உடைமை வேறு, உரிமம் வேறு. காட்டுக்குள் என்றால் வனச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பழைய நாணயமோ நகையோ மண்ணிலிருந்து கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தேவாலாவின் பழைய சுரங்க வாய்களுக்குள் தயவுசெய்து இறங்காதீர்கள். நூற்றாண்டு கடந்த, முட்டுக்கொடுக்காத குகைகள் அவை. மழைக்காலத்தில் அவற்றின் மேற்கூரை ஈரச் சேறு மட்டுமே. யானைகள் நடமாடும் வழியும் அதுதான்.

இன்னொன்றையும் எச்சரிக்கிறேன். இரண்டு கம்பிகளையோ ஆண்டெனாவையோ நீட்டிக்கொண்டு 'ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும்' என்று விற்கப்படும் கருவிகளுக்கு இயற்பியலில் எந்த அடிப்படையும் இல்லை. என் சித்தப்பா வட்டிக்குக் கடன் வாங்கி அப்படி ஒன்றை ஒருவரிடம் வாங்கினார். நான் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சிறு விளக்குச் சுற்று, பசையால் மூடப்பட்ட வெற்றுப் பெட்டி ஆகியவை மட்டுமே இருந்தன. அந்தக் கடனை அவர் அடைத்து முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. யாராவது எந்தக் கருவியையாவது உங்களிடம் விற்க வந்தால், ஆசாரியிடம் 100 மில்லி உருண்டை ஒன்று வாங்கி, அவர் பாராத நேரத்தில் ஐந்து மண் சட்டிகளில் ஒன்றில் மறைத்து, எந்தச் சட்டி என்று கருவியைக் கொண்டு சொல்லச் சொல்லுங்கள். ஒருமுறை தற்செயலாகச் சரியாகலாம் என்பதால் பத்து முறை செய்யுங்கள்.

என்னுடைய கோல்ட் மான்ஸ்டருக்கு இங்கே ஒரே ஒரு வேலை உண்டு. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மூக்குத்தியையோ கம்மலையோ செடிகளுக்கிடையில் தவறவிட்டால் அழைப்பார்கள். விழுந்த நகை மேல்மண்ணிலேயே கிடக்கும். எந்த வரிசையில் பறித்தார்கள் என்பதும் தெரியும். அதனால் செம்மண்ணிலும் வாய்ப்பு இருக்கிறது. இதுவரை இரண்டு கம்மலும் ஒரு மூக்குத்தியும் மீட்டுக் கொடுத்திருக்கிறேன். மெல்லிய சங்கிலி மட்டும் கடினம். எத்தனை பவுன் இருந்தாலும் கருவி அதைத் தனித்தனிச் சிறு வளையங்களாகவே உணர்கிறது.

ஆகவே, கூடலூரிலேயே இருந்து தங்கம் தேடுவதற்காக என்றால் எதையும் வாங்காதீர்கள். வேலைக்காக ஆஸ்திரேலியா செல்லும் வாய்ப்பு வந்தால் அங்கே போய் முதலில் கோல்ட் மான்ஸ்டரை வாங்கி ஓராண்டு நடந்து பாருங்கள். ஒலியும் மண்ணும் பழகிய பிறகு, ஜிபிஎக்ஸ் 6000-ஐ ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.