லீடர் வேண்டாம், டீச்சர்

கேள்வி: காசிமேட்டில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். அவ்வப்போது பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, பேப்பர் கோபுரம், குச்சிப் பாலம் என்று செய்யச் சொல்வேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் சண்டை. "பாடம் நடத்தாமல் விளையாட்டா?" என்று தலைமையாசிரியர் வேறு கேட்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, கொடுத்த வேலையில் இருக்கிறது. பேப்பர் கோபுரம் கட்ட இரண்டு கை போதும். நாலு பேரை உட்கார வைத்தால் மிச்சமுள்ள ஆறு கையும் சண்டைதான் போடும்.

ஒருவரால் முடியவே முடியாத வேலையாகக் கொடுங்கள். ஒரு ரப்பர் பேண்டில் நாலு பக்கமும் முழ நீளத்துக்கு நூல் கட்டி, ஆளுக்கொரு நுனியைக் கொடுங்கள். நாலு பேரும் இழுத்தால் ரப்பர் விரியும். தளர்த்தினால் டீக்கடைப் பேப்பர் கப்பைக் கவ்வும். கப்பைக் கையால் தொடாமல் கீழே மூன்று, மேலே இரண்டு, உச்சியில் ஒன்று என்று அடுக்க வேண்டும். ஒருவன் வெடுக்கென்று இழுத்தால் கப் சாய்ந்துவிடும். அப்புறம் அவனே "மெதுவாடா" என்று மற்றவர்களிடம் கெஞ்சுவான். லீடர் என்று யாரையும் போடாதீர்கள். பரிசும் வேண்டாம், பரிசு வந்தால் பழைய கதைதான்.

அது பழகியதும் படகு. அப்பா, மாமா கடலுக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்களே, இதில் அவர்கள் பேச்சு எடுபடும்! 15 செ.மீ. சதுர அலுமினிய ஃபாயில், குழுவுக்கு இரண்டு. முதல் படகு மூழ்கத்தான் போகிறது, பாடம் இரண்டாவதில்தான். பக்கெட் தண்ணீரில் விட்டு, மூழ்கும்வரை ஒரே மாதிரியான ஒரு ரூபாய் நாணயங்களை ஏற்றட்டும்.

உங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: நாலு ஓரத்தையும் 1 செ.மீ. மடித்தால் உள்ளே 169 கன செ.மீ. இடம். 2.5 செ.மீ. மடித்தால் 250. இன்னும் உயர்த்தி 4 செ.மீ. ஆக்கினால் 196 ஆகக் குறைந்துவிடும். ஒதுக்குகிற தண்ணீரின் எடையைத்தான் படகு தாங்கும் என்பதால், 250 கன செ.மீ. படகு ஏறக்குறைய 250 கிராம்வரை தாங்க வேண்டும். ஒரே மூலையில் நாணயத்தைக் குவித்தால் அதற்கு வெகு முன்பே கவிழும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவர்களே முட்டிமோதிக் கண்டுபிடிக்கட்டும்.

தலைமையாசிரியருக்கு? மடித்த அளவு, ஏறிய நாணயம் இரண்டையும் ஒவ்வொரு குழுவும் நோட்டில் அட்டவணையாக எழுதட்டும். அளவையும் கணக்கும் அதிலேயே வந்துவிடும். அந்த நோட்டைக் காட்டுங்கள். சத்தம் என்றால், கடைசி பீரியடில் வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.