லோக்கல் ஆதாரா? ரூம் இல்லை!

கேள்வி: அப்பா அம்மாவின் 40ஆவது கல்யாண நாளுக்காக நகரின் நடுவில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் இரண்டு இரவுக்கு 19,000 ரூபாய் கட்டினேன். ஏசியிலிருந்து கட்டில்மேல் தண்ணீர் சொட்டியது. வெந்நீர் வரவில்லை. வேறு அறை கேட்டால் 'ஃபுல்' என்றார்கள். கிளம்பும்போது 'எல்லாம் ஓகேவா மேடம்' என்று கேட்டார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோ மட்டும் இருக்கிறது. பணம் கிடைக்குமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. 'கடல் பார்த்த அறை' என்று கூடுதல் பணம் கட்டி ஓர் ஊரில் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. பளிங்குத் தரையையும் கோட்டு போட்டவரையும் பார்த்ததும் வாய் எழவில்லை. ஒரு படம்கூட எடுக்காததால் பிறகு கேட்கவும் வழியில்லை.

உங்களிடம் வீடியோ இருக்கிறது, அழித்துவிடாதீர்கள். இன்றே ஹோட்டலுக்கு மின்னஞ்சல் போடுங்கள்: அறை எண், தேதி, என்னென்ன பழுது, யாரிடம் சொன்னீர்கள், எவ்வளவு வேண்டும். முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். இரண்டு இரவும் தங்கியிருக்கிறீர்கள். ஓர் இரவு வாடகையும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் கேட்டால் நியாயமாக நிற்கும். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹோட்டல் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வட சென்னைக்குத் தனி மாவட்ட ஆணையம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: ஹோட்டலில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 150 போட்டார்கள். சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. இரண்டையும் எதிர்க்கலாமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: தண்ணீருக்கு முடியாது, ஹோட்டலில் பரிமாறுவதற்கு எம்ஆர்பி கட்டுப்பாடு இல்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லலாம். கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்பது 2022 ஜூலை விதி. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கேள்வி: மழையில் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குழந்தையோடு இருந்ததால் ஆப் மூலம் 6,200 ரூபாய் கட்டி அறை எடுத்தோம். ஆதாரைப் பார்த்துவிட்டு 'லோக்கல் ஐடிக்கு ரூம் தரமாட்டோம்' என்றார்கள். 'ரீஃபண்ட் கிடையாது' என்கிறது ஆப்.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: இந்த 'லோக்கல் ஐடி' விவகாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் என் ஆத்திரம் தீராது. தங்குபவரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிவு செய்யவேண்டியது ஹோட்டலின் கடமை. மதுரை முகவரி போட்ட ஆதார் அதற்குச் செல்லும் என்றால் வியாசர்பாடி முகவரி போட்டதும் செல்லும். சொந்த ஊரில் அறை எடுக்கக் கூடாதென்று சட்டம் இல்லை. வம்பு வேண்டாமென்று ஹோட்டல்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதி அது. சொந்த ஊரில் யாருக்கு அறை தேவைப்படும் என்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று கொடுங்கையூரிலும் எண்ணூரிலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள் வெளியூர்க்காரர்களா? ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு அருகிலேயே இருக்க நினைப்பவர்கள், கூட்டுக் குடும்பத்தில் தனியறையே இல்லாத புதுத் தம்பதி, இவர்களுக்கெல்லாம் அறை வேண்டாமா? கதவைத் தட்டியவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள், வாங்கிய பணத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: பணம் கட்டுவதற்கு முன் அந்த நிபந்தனை திரையில் இருந்ததா? இருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் புகாரில் ஹோட்டல், ஆப் இரண்டையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். பணத்தோடு அன்றிரவு பட்ட பாட்டுக்கு இழப்பீடும் கேளுங்கள். அதில் தயங்கவே தயங்காதீர்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் தங்கிய ஹோட்டல்மீது வழக்குப் போடலாமா? பில் தொலைந்துவிட்டது.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியாது. கெடு இரண்டு வருடம். பில்லையும் வைக்கவில்லை, மூன்று வருடம் வாயையும் திறக்கவில்லை. இனி நான் என்ன செய்ய?

கேள்வி: வாலே பார்க்கிங்கில் (சாவியை வாங்கிக்கொண்டு ஹோட்டல் ஆளே காரை நிறுத்துவது) விட்ட காரின் கதவு நசுங்கிவிட்டது. டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: அச்சிட்டுவிட்டால் பொறுப்பு போய்விடாது. 1998இல் டெல்லி ஹோட்டல் ஒன்றில் வாலே ஆளிடம் சாவி கொடுத்த மாருதி ஸென் திருடு போன வழக்கில், தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு ஹோட்டல் இப்படிச் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவி அவர்கள் கையில் இருந்தது, காரும் அவர்கள் பொறுப்பு. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டை இணைத்து எழுத்தில் கேளுங்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்தீர்களா? எழுதுங்கள்.