19 வாரக் கருவைக் கலைப்பது கொலையாகுமா?

கேள்வி: எனக்கு வயது 29. 19-ஆவது வார ஸ்கேனில், குழந்தையின் இதயத்தில் இடப்பக்கம் சரியாக வளரவில்லை என்று கண்டறிந்தார்கள். கலைப்பதா, தொடர்வதா என்று யோசித்து வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். கலைத்தால் கொலைப் பாவம் என்கிறார் என் மாமியார். கரு எப்போது முழு மனிதராகிறது? கணவர் கையெழுத்திட்டால்தான் கலைப்பார்களா?

பதில்: கருவுக்கு உயிர் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருத்தரிப்பதற்கு முன்பே சினைமுட்டைக்கும் விந்தணுவுக்கும் உயிர் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைகளைக் கொண்ட ஒருவர் எப்போது உருவாகிறார் என்பதுதான் கடினமான பகுதி. அதற்கு உயிரியல் ஒரு நாளைக் குறித்துத் தருவதில்லை. கருத்தரித்து ஏறத்தாழ 14 நாள் வரை ஒரே கரு பிரிந்து இரட்டையராகக்கூடும் என்பதால், அதுவரை அங்கே 'ஒருவர்' இருக்கிறார் என்று சொல்வதே சிக்கல். ஆறாவது வாரத்தையொட்டி இதயத் துடிப்பு ஸ்கேனில் தெரிகிறது. வலியை உணரத் தேவையான மூளை இணைப்புகள் 24 வாரத்துக்கு முன் அமைவதில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2010-இல் கூறியது. அதற்கு முன்பே வலி சாத்தியம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சமயங்களும் ஒன்றுபடவில்லை: கத்தோலிக்கத் திருச்சபை கருத்தரித்த கணத்திலிருந்தே மனிதராக மதிக்கச் சொல்கிறது, இஸ்லாமிய அறிஞர்கள் பலர் 120-ஆம் நாளில் ஆன்மா ஊதப்படுவதாகக் கொள்கிறார்கள்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கரு வளர வளர அதன்மீது நமக்குள்ள கடமையும் கூடுகிறது. ஆகவே 6 வாரக் கருவைவிட 19 வாரக் கருவைக் கலைக்க வலுவான காரணம் வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது. இந்தக் குறையுடன் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில வாரங்களில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் மூன்று பெரிய அறுவை சிகிச்சைகள் தேவைப்படலாம். அவற்றைத் தாங்காத குழந்தைகளும் உண்டு, தாங்கி வளர்ந்து பள்ளிக்குச் செல்பவர்களும் உண்டு. அந்தத் துன்பத்தைத் தன் குழந்தைக்குத் தர மனமில்லாமல் கலைக்கும் தாயைக் கொலைகாரி என்பது அநீதி. வாய்ப்பு சிறிதானாலும் பெற்றெடுப்பேன் என்பவரை அறியாதவர் என்பதும் அநீதியே.

இந்தியச் சட்டம் கரு மனிதரா என்ற விவாதத்தைத் தீர்க்கவில்லை. யார், எதுவரை முடிவெடுக்கலாம் என்பதை மட்டும் வகுத்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, கருவில் கடும் குறைபாடு இருப்பது உட்படச் சில காரணங்களுக்காக, இரு மருத்துவர்களின் கருத்து தேவை. 24 வாரத்தைத் தாண்டினால், கடும் குறைபாட்டை மருத்துவக் குழு உறுதிசெய்ய வேண்டும். வாரங்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே கருவின் இதயத்துக்கான எக்கோ பரிசோதனையையும் குழந்தை இதய மருத்துவரின் ஆலோசனையையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். கருவைச் சுற்றியுள்ள நீரை எடுத்து மரபணுக் குறைகளைப் பார்க்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனையின் முடிவு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் பரிசோதனைகளைத் தள்ளிப்போட நேரமில்லை.

இந்தக் கட்டத்தில் கலைப்பது பெரும்பாலும் மாத்திரைகளால் வலி வரவைத்து, பிரசவம் போலவே நடக்கும். பிறகு பால் சுரக்கவும் கூடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் அதிர்ந்துபோகும் பெண்கள் உண்டு. குழந்தையைப் பார்க்க வேண்டுமா, இறுதிச் சடங்கு செய்ய வேண்டுமா என்பதையும் மருத்துவமனையில் சேரும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டப்படி தேவை. கணவரின் கையெழுத்தைக் கேட்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. சட்டம் அதைக் கேட்கவில்லை. உங்கள் பெயரையும் விவரங்களையும் சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறு எவருக்கும் மருத்துவர் வெளியிடக் கூடாது. உங்கள் மாமியாருக்கும் சொல்லக் கூடாது.