கண்ணீர் ஏன் வரவில்லை?

கேள்வி: சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கட்டும் 29 வயதுப் பெண்ணுக்கும், அதே வயதுத் தாதிக்கும் காதல். 377ஏ சட்டத்தில் கைதாகி, மீண்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குகிறார்கள். என் நாவலைப் படித்த தோழிகள் மனம் கலங்கவில்லை என்கிறார்களே?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கைதை நீக்கிவிடுங்கள். அச்சட்டம் ஆண்களுக்கு இடையிலான பாலுறவைப் பற்றியது மட்டுமே. 2023 ஜனவரியில் அதுவும் போய்விட்டது. ஆனால் பெண்கள் இருவர் இங்கே மணம் பதிய முடியாது. தம்பதியாக வீவக வீடும் கேட்க முடியாது. ஒற்றையர்களாகச் சேர்ந்து வாங்க இருவருக்கும் 35 வயதாக வேண்டும். உங்கள் கதையின் உண்மையான வலி அந்த ஆறு ஆண்டுகள்தான். பெற்றோர் வீடுகளுக்குத் தனித்தனியே திரும்பும் இரவுகளை விரிவாக எழுதுங்கள்.

காதலை வசனமாக்கினால் வாசகர் உணர எதுவும் மிஞ்சாது. அவள் ஒதுக்கிவைத்த ஒரு முழம் மல்லிகையை, வார்டில் சூட முடியாமல் தாதி பையிலேயே வைத்திருக்கட்டும். அழுகையை ஓரிடத்துக்கு மட்டும் சேமியுங்கள். அம்மாவை வில்லியாக்காதீர்கள், “எனக்குப் பிறகு இவளுக்கு யார்?” என்ற அவர் பயமும் நியாயமானதே. முடிவுக்காக ஒருத்தியைச் சாகடிக்கவும் வேண்டாம், தயவுசெய்து.