கரும்பு நார் கலந்த டப்பாவை நம்பி வாங்கலாமா?

கேள்வி (மேற்கு மாம்பலம் வாசகி): வீட்டிலேயே சமைத்து, தினம் நாற்பது பேருக்கு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். பாரிமுனை மொத்தக் கடை ஒன்றில் பழுப்பு நிற டப்பா காட்டினார்கள். 'கரும்பு நார் கலந்த பயோ பிளாஸ்டிக், மண்ணில் போட்டால் மட்கிவிடும்' என்கிறார்கள். சாதா டப்பாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. சூடான சாம்பார் சாதத்துக்குத் தாங்குமா? வாங்கலாமா?

பதில்: மொத்தமாக இப்போதே வாங்கிவிடாதீர்கள். முதலில் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கரும்பு நார் சரி, அது எந்தப் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கிறது?

மண் சுவர் வெடிக்காமல் இருக்க வைக்கோலை மிதித்துக் கலப்பார்கள் அல்லவா, இந்த டப்பாவில் நார் செய்வது அந்த வேலைதான். மக்காச்சோள மாவு, கரும்புச் சர்க்கரை போன்றவற்றிலிருந்து பிஎல்ஏ என்று ஒரு பிளாஸ்டிக் தயாரிக்கிறார்கள். அது விலை கூடியது, சட்டென்று உடையும். கரும்புச் சக்கை, தென்னை நார், சணல், வாழை நார், உமி என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு கிடைக்கிறது, பிளாஸ்டிக்கும் குறைவாகச் செலவாகிறது. ஆனால் நார் தண்ணீரை இழுக்கும், பிளாஸ்டிக் தள்ளும். இரண்டும் லேசில் ஒட்டாது. அதனால் நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, அலசி, காயவைத்த பிறகு கலப்பது ஒரு வழக்கம். இந்த வேலையை அரைகுறையாகச் செய்த டப்பா, குழம்பு பட்டதும் ஓரங்களில் உப்பிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே நாரை மட்கவே மட்காத பாலிபுரொப்பிலீனிலும் கலக்கலாம். கடையில் பி.பி. என்பார்களே, அதுதான். அதே பழுப்பு நிறம், அதே சொரசொரப்பு. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மண்ணுக்குப் போனால் நார் மட்டும் மெல்ல மட்கும், பிளாஸ்டிக் துண்டு துண்டாக அங்கேயே கிடக்கும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாரோடு சேர்ந்த பிளாஸ்டிக்குக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயருக்காக நீங்கள் இரண்டு மடங்கு விலை கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

எனவே தாளைக் கேளுங்கள். மட்கும் பிளாஸ்டிக் என்று விற்க வேண்டுமானால் அது ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரத்தில் தேறியிருக்க வேண்டும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். நம் ஊரிலேயே, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான கிண்டி சிப்பெட்டில், இப்படிப்பட்ட பொருள்களைச் சோதிக்கிறார்கள். சான்றிதழ் நகலை வாங்கி, டப்பாவில் அச்சாகியிருக்கும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேரி பேக்குக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி டப்பாவை விற்றால் ஏற்காதீர்கள். 'எல்லாம் இருக்கு, அப்புறம் தர்றேன்' என்றால் வேறு கடை பாருங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், கேரி பேக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. நார் கலந்தது என்று சொல்லித் தப்ப முடியாது, சோதனை வந்தால் அபராதம் உங்கள் தலையில்தான்.

அடுத்தது சூடு. சாதாரண பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் அதைவிட நல்ல சூடு. சூடு தாங்குவதற்கென்றே பக்குவப்படுத்திய பிஎல்ஏ உண்டு, நாரும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் கடைக்காரர் வாய்வார்த்தையில் இதை நம்ப வேண்டாம். இரண்டு டப்பாவைக் காசு கொடுத்தே வாங்கி வந்து, நீங்கள் கட்டும் அதே சூட்டில் சாம்பார் சாதத்தை நிரப்பி, மூடி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துவிடுங்கள். உங்கள் சாப்பாடு வாடிக்கையாளர் கைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். அடிப்பாகம் தொய்ந்திருந்தாலோ, மூடி கோணியிருந்தாலோ, சாதத்தில் மாற்று வாடை வந்தாலோ அது உங்களுக்கு ஆகாது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்றால் ஆறவைத்துக் கட்டலாம், பிரச்சினை குறைவு.

தேறினாலும் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். இந்தப் பொருள்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் தானாகவே வலுவிழக்கும், சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மட்கும் பை ஒரு கட்டு வாங்கிப் பரணில் போட்டிருந்தேன். கோடை முடிந்து எடுத்தபோது, தக்காளி போட்டவுடன் அடி கிழிந்தது.

என் யோசனை வேறு. நாற்பது பேரும் தினசரி வாடிக்கையாளர்கள்தானே? பாதிப் பேருக்காவது எவர்சில்வர் கேரியர் முறைக்கு மாறுங்கள். ஆளுக்கு இரண்டு கேரியர், முன்பணம் வாங்கிக்கொண்டு, இன்று கொடுத்ததை நாளை திரும்ப எடுத்து வரலாம். கலந்த சாதத்துக்கு வாழை இலையும் அதன்மேல் தாளும் போதும். இவை எதுவும் சரிவராத இடத்துக்கு மட்டும் அந்த டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): 'பயோடிகிரேடபிள்' என்று அச்சடித்த பையைப் பொங்கல் சமயத்தில் மாடித் தோட்டத் தொட்டியில் புதைத்தேன். ஆடியில் தோண்டினால் அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அப்படித் தீர்மானமாகச் சொல்ல முடியாது. மட்கும் பிளாஸ்டிக்குக்கான சோதனை, 58 டிகிரி அளவுக்குச் சூடேறி, ஈரமும் காற்றும் சரியாக இருக்கும் உரக் குவியலின் நிலைமையில் நடக்கிறது. அங்கே 180 நாளுக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறினால் தேர்ச்சி. கத்திரி வெயிலில்கூட உங்கள் தொட்டி மண் அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் நிற்காது. ஆகவே உண்மையான பையும் அப்படியே கிடக்கலாம், போலியும் கிடக்கலாம்.

பையில் என்ன எழுதியிருக்கிறது என்று மறுபடி பாருங்கள். 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லும் சான்றிதழ் எண்ணும் இருந்தால் ஒரு பிடிப்பு உண்டு. 'பயோடிகிரேடபிள்' என்று மட்டும் போட்டு, எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லை நம்ப வேண்டாம். 'ஆக்ஸோ' என்று ஒரு வகையும் உண்டு. சாதா பிளாஸ்டிக்கிலேயே ஒரு ரசாயனம் சேர்த்திருப்பார்கள், வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். பார்வைக்கு மறைவதை மட்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் இதைத் தடை செய்திருக்கிறது.

உண்மையில் மட்கும் பையையும் நீலத் தொட்டியில், மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்கோடு போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலோடு பிஎல்ஏ கலந்தால் அந்தச் சரக்கின் தரமே கெடும். ஈரக் குப்பையோடு போட்டாலும், பார்க்கப் பிளாஸ்டிக் போல இருப்பதால் பிரித்து எறியத்தான் வாய்ப்பு அதிகம். கொடுங்கையூர் குப்பை மேட்டின் அடியில், காற்றே இல்லாத இடத்தில் போய்ச் சேர்ந்தால் அது மட்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. இந்த வகைப் பொருளைத் தனியாக வாங்கி உரமாக்க ஏற்பாடு இல்லாதவரை, நல்ல பைக்குக் கொடுக்கும் காசிலும் பாதி வீண்தான். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

பையில் ஆதாரமில்லாமல் எழுதியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். பசுமை வேடம் போடும் விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரிலேயே விதிமுறை வந்துவிட்டது, சொல்வதற்கு ஆதாரம் காட்டுவது விற்பவர் பொறுப்பு. ரசீதும் பையின் புகைப்படமும் கையில் இருக்கட்டும்.

கேள்வி (வேளச்சேரி வாசகி): 'மூங்கில் நார்' குழந்தைக் கோப்பையில் சூடான பால் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இப்படி விற்கும் கோப்பைகள் பலவற்றில் மூங்கில் தூளைப் பிடித்து வைத்திருப்பது மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசின். சூடான பானம் பட்டால் அதிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியலாம். மூங்கில் தூள் சேர்ந்த மெலமைன் பாத்திரங்களை உணவுக்கு விற்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. தட்டினால் பீங்கான் போலச் சத்தம், அடியில் 'மைக்ரோவேவில் வைக்காதீர்' என்ற குறிப்பு, இரண்டும் இருந்தால் பெரும்பாலும் அந்த ரகம்தான். பென்சில் போட்டு வைக்க அதைப் பயன்படுத்துங்கள். பாலுக்கு எவர்சில்வர் டம்ளர் போதும்.