பதில்: 7ஏ26 மொடியூலில் கோடு துள்ளுகிறது

வணக்கம். டெக்ட்ரோனிக்ஸ் 7603 ஒசிலோஸ்கோப்பில் (மின்சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) செருகிய 7ஏ26 மொடியூலின் வோல்ட்ஸ் குமிழைத் திருப்பும்போது கோடு துள்ளி மறைகிறது, குமிழை அசைத்தால் திரும்பி வருகிறது என்கிறீர்கள். நுவரெலியா ஈரலிப்பில் மூடியே கிடந்த பெட்டி என்றால் முதல் சந்தேகம் தொடுமுனைகள்தான். டிரான்சிஸ்டர் தேடி இப்போதே கொழும்புக்கு ஓட வேண்டாம்.

பவரை அணைத்துவிட்டு மொடியூலைப் பக்கத்து வெர்ட்டிகல் அறைக்கு மாற்றுங்கள். கோளாறு கூடவே போனால் மெயின்பிரேம் (மொடியூல் செருகும் பெரிய பெட்டி) தப்பியது. பிறகு உள்ளீட்டுச் சுவிச்சை ஜிஎன்டியில் (சிக்னல் உள்ளே போகாத பூச்சிய நிலை) வையுங்கள். அப்போது கோடு அசையாமல் நின்று, டிசியில் (சிக்னலை நேரே உள்ளே விடும் நிலை) மட்டும் துள்ளினால் குற்றவாளி அட்டெனுவேட்டர், அதாவது உள்ளே வரும் வோல்ட்டைக் குறைக்கும் பகுதி. ஜிஎன்டியிலும் துள்ளினால் பெருக்கத்தை மாற்றும் கெயின் தொடுமுனை, கோட்டை மேலும் கீழும் நகர்த்தும் பொசிஷன் பொட், மெயின்பிரேமில் செருகும் பின்பக்க எட்ஜ் கனெக்டர் மூன்றையும் பாருங்கள்.

மொடியூலின் உள்ளே பிளாஸ்டிக் கேம் உருளையும் (குமிழோடு சுழலும் மேடுபள்ள உருளை) அதன் கீழே தொடுமுனைகளான மெல்லிய தங்கமுலாம் விரல்களும் தெரியும். ஸ்பிரே அடிக்காதீர்கள்: எண்ணெய்ப் படலம் தங்கினால் 1 மெகாஓம் உள்ளீட்டில் கசிவு வந்து அளவு பிழைக்கும். 5 மில்லிமீற்றர் அகலத்தில் தடித்த வெள்ளைத்தாளை வெட்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, விரலுக்கும் பலகைக்கும் இடையில் செருகுங்கள். அந்த விரல் மூடும் நிலைக்குக் குமிழைத் திருப்பி, தாளை மெதுவாக உருவுங்கள். கறுப்புக் கோடு வருவது நிற்கும்வரை புதுத் தாள். விரலை வளைத்தால் கதை முடிந்தது. எட்ஜ் கனெக்டருக்கும் அல்ககோல் துணிதான்; அழிறப்பர் தங்கத்தையே தேய்த்துவிடும்.

நம் குளிரில் சீக்கிரம் காயாது, ஓர் இரவு விட்டுப் பிறகு பவரைப் போடுங்கள். மெயின்பிரேம் மூடியை மட்டும் திறக்க வேண்டாம், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது.