சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலையா, கவுனா? கையில் என்ன பூ?

மே மாதக் கல்யாணம், காலை ஆராதனை, தூத்துக்குடி வெயில் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு சேலைக்குத்தான். அடுக்கடுக்கான நெட் கவுன் போட்டோவில் அழகு. மின்விசிறி மட்டும் ஓடும் கோவிலில் ஒரு மணி நேரம் நின்றால் தெரியும். வெள்ளை உடை ஒன்றும் வேதத்தில் சொன்ன விதி இல்லை. 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளை சாட்டின் உடுத்தி மணமுடித்த பிறகுதான் அது பெரிதாகப் பரவியது. அதனால் சந்தன நிறமோ வெளிர் தங்கமோ எடுத்தாலும் தப்பில்லை.

பூச்செண்டை உடை முடிவான பிறகு பாருங்கள். பிளவுஸ் துணித் துண்டு ஒன்றைப் பூக்கடைக்கு எடுத்துப் போங்கள். சந்தன நிறச் சேலைக்குப் பக்கத்தில் தூய வெள்ளை ரோஜா வைத்தால் சேலை பழசானது போல மங்கித் தெரியும். க்ரீம் அல்லது பீச் நிற ரோஜா பொருந்தும். சேலைக்குச் சின்ன உருண்டைச் செண்டே போதும், ஒரு கை கொசுவத்தைப் பிடிக்க வேண்டுமே! நீளமாகத் தொங்கும் செண்டு கவுனுக்குத்தான்.

வெயிலுக்கு ரோஜா, கார்னேஷன், சம்பங்கி தாங்கும். ஹைட்ரேஞ்சியா சீக்கிரம் துவண்டுவிடும். லில்லி என்றால் நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். என் தங்கை கல்யாணத்தில் அதை மறந்து, முந்தானையில் மஞ்சள் கறை. பதறிப்போய் ஈரத் துணியால் தேய்த்தோம், இன்னும் பரவியது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்திருக்க வேண்டும். அப்புறம், செண்டின் காம்புகளை ஈரம் போகத் துடைத்து ரிப்பன் சுற்றித் தரச் சொல்லுங்கள்; தண்ணீர் சொட்டினால் பட்டில் தடம் விழும்.